நான்கு வயதுப் பிள்ளையைத் திரையரங்குக்கு அழைத்துப் போகலாமா? எந்தப் படம், எந்தக் காட்சி, எந்த இருக்கை?

திண்டுக்கல் தாய்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு ஏழு வயதில் ஒரு மகளும் நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். பொங்கல் விடுமுறைக்கு நாத்தனார் குடும்பமும் மாமியாரும் வருவதால், எல்லோரும் சேர்ந்து ஒரு படத்துக்குப் போவது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. மகன் இதுவரை திரையரங்குக்குள் கால் வைத்ததில்லை. போகவிருக்கும் படம் குடும்பப் படம் என்று விளம்பரம் சொல்கிறது. சுவரொட்டியில் பாட்டியும் பேரனும் நாய்க்குட்டியும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். சான்றிதழோ யு/ஏ 13+. "ஏ சான்றிதழ் இல்லையே அண்ணி, பிறகென்ன தயக்கம்?" என்கிறார் நாத்தனார்.

என் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. சென்ற கோடையில் நானும் கணவரும் ஒரு பேய் நகைச்சுவைப் படத்துக்குப் போயிருந்தோம். முன்வரிசையில் மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தை இடைவேளைக்குப் பிறகு திரைக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் சாய்மானத்தில் முகவாயை ஊன்றிக்கொண்டு, இரண்டு காதுகளையும் பொத்தியபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அரங்கம் முழுக்கச் சிரிப்பு. அந்தக் குழந்தை அழவில்லை. அதனால் அதன் பெற்றோருக்கு அது தெரியவே இல்லை.

சினிமாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாமியாரின் ஆசையையும் கெடுக்க விரும்பவில்லை. இந்தச் சான்றிதழை எப்படிப் படிப்பது, சத்தத்துக்கு என்ன செய்வது, நான்கு வயதுப் பிள்ளையால் எதைத் தாங்க முடியும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கோடம்பாக்கம் பழையவர்:

சகோதரிக்கு வணக்கம். சான்றிதழைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மற்றவற்றை அவற்றில் அனுபவம் உள்ளவர்கள் சொல்வார்கள்.

1952 ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத்தின் கீழ்தான் நம் நாட்டில் தணிக்கைச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. 1983 வரை யு, ஏ என்ற இரண்டே பிரிவுகள் பொதுமக்களுக்கு இருந்தன. அதன் பிறகு யு/ஏ வந்தது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பது அதன் பொருள். 2023 இல் சட்டம் திருத்தப்பட்டு, அந்த ஒரே பிரிவு யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஏ சான்றிதழ் பெற்ற படத்துக்கு 18 வயது நிரம்பாதவர்களை அனுமதிக்கக் கூடாது என்பது சட்டம்; யு/ஏ பிரிவுகளில் உள்ள வயதோ பெற்றோருக்குச் சொல்லப்படும் ஆலோசனை மட்டுமே. யு/ஏ 16+ படத்துக்கு நீங்கள் நான்கு வயதுப் பிள்ளையோடு போனாலும் வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். தடுக்கவில்லை என்பதையே தகுதி என்று நம் மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் நாத்தனார் சொல்வதும் அதைத்தான்.

சென்ற ஆண்டுகளின் யு சான்றிதழையும் அப்படியே நம்பிவிட வேண்டாம் என்பேன். தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று 2006 இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2011 இல் அந்தச் சலுகைக்கு யு சான்றிதழும் வேண்டும் என்று நிபந்தனை சேர்ந்தது. அன்று முதல் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும் வரை, யு என்ற எழுத்துக்குள் தயாரிப்பாளரின் வரிப்பணம் அடங்கியிருந்தது. தணிக்கைக் குழு சொன்ன இடத்திலெல்லாம் இரண்டு விநாடி, மூன்று விநாடி வெட்டிக் கொடுத்து, ரத்தத்தின் நிறத்தை மங்கலாக்கி, வசனத்தை ஒலி நீக்கி யு வாங்கிய வெட்டுக்குத்துப் படங்கள் ஏராளம். அவற்றைத்தான் நாம் இன்றைக்கும் தொலைக்காட்சியில் ஞாயிறு மதியம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிறோம். சான்றிதழ் என்பது படத்திலிருந்து எது நீக்கப்பட்டது என்ற பேரத்தின் முடிவு. மிச்சம் இருப்பது நான்கு வயதுக்கு ஏற்றது என்று யாரும் அங்கே உறுதி தருவதில்லை.

குழந்தைகளுக்கென்றே எடுக்கப்படும் படங்கள் நம்மிடம் குறைவு என்பதும் ஒரு காரணம். குழந்தைகள் திரைப்படச் சங்கத்தை மத்திய அரசு 1955 இல் தொடங்கியது. 2022 இல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதன் படங்கள் நம் ஊர்த் திரையரங்குகளில் வாரக்கணக்கில் ஓடி நான் பார்த்ததில்லை. ஆகவே பெரியவர்களுக்கு எடுத்த படத்தில் பாட்டியும் நாய்க்குட்டியும் சேர்ந்தால் அது குடும்பப் படமாகிவிடுகிறது.

ஆவடி அப்பா:

ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவுத் தடுப்பு இருக்கும். பெண்கள் பக்கத்து மணலில் அம்மா மடியில் படுத்துக்கொண்டே பார்த்து வளர்ந்தவன் நான். கத்திச் சண்டை பார்த்தேன், சாவு பார்த்தேன், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கைப்பேசியைக் கையில் கொடுத்துத் தனியே ஒரு மூலையில் உட்கார வைப்பதைவிட, பாட்டி, அத்தை, அக்கா என்று ஒரு வரிசையே உட்கார்ந்து ஒரே நேரத்தில் சிரிப்பது பிள்ளைக்கு எவ்வளவோ நல்லது. குடும்பமாகப் போகும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

கேபின் மாமா, தேனி:

ஆவடித் தம்பிக்கு ஒரு விளக்கம். திரையரங்கில் ஆபரேட்டராக நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் மணலில் படுத்துப் பார்த்த டாக்கீஸில் திரைக்குப் பின்னால் ஒன்றோ இரண்டோ ஒலிபெருக்கி, பக்கவாட்டில் திறந்தவெளி, சத்தம் தப்பித்துப் போக வழி இருந்தது. இன்றைய அரங்கம் நான்கு பக்கமும் அடைத்த பெட்டி. டால்பி அட்மாஸ் என்றால் தலைக்கு மேலும் ஒலிபெருக்கிகள் உண்டு. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது.

அரங்கின் ஒலியைக் கட்டுப்படுத்தும் கருவியில் ஃபேடர் என்று ஒரு குமிழ் இருக்கும். அதில் 7 என்பதுதான் தர அளவு. அந்த நிலையில் திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கியும் 85 டெசிபலுக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும், வெடிச்சத்தம் போன்ற உச்சங்களில் 105 வரை போகும். பல அரங்குகளில் 5, 5.5 என்றுதான் ஓட்டுவார்கள். முதல் நாள் ரசிகர் கூட்டம் வந்து "சவுண்டு ஏத்துங்க" என்று கத்தினால் ஏற்றிவிடுவார்கள். குமிழை ஒரு எண் குறைத்தால் மூன்று டெசிபலுக்குச் சற்று அதிகமாகக் குறையும். ஒலியின் ஆற்றல் ஏறக்குறைய பாதியாகிவிடும், வசனம் தெளிவாகவே கேட்கும். ஆகவே படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் தாங்க முடியவில்லை என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராமல் வெளியே போய் மேலாளரிடம் சொல்லுங்கள். அவர் கேபினுக்கு ஒரு போன் போட்டால் போதும். நான்கு குடும்பங்கள் சேர்ந்து சொன்னால் நிச்சயமாகக் குறைப்பார்கள். கேட்பதற்கு நம் மக்கள் கூச்சப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

இருக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை எழுந்து போக வசதி என்று சுவரோர இருக்கையை வாங்காதீர்கள். பக்கவாட்டு ஒலிபெருக்கிகள் அந்தச் சுவரில்தான் தொங்குகின்றன, பிள்ளையின் காது அவற்றுக்கு நேர் கீழே வரும். கடைசி வரிசைக்கும் அதே கதை, பின்சுவரிலும் ஒலிபெருக்கிகள் உண்டு. முதல் சில வரிசைகளில் கழுத்தும் வலிக்கும், அடிச்சத்தம் நெஞ்சைத் தட்டும். அரங்கின் நடுவே நடைபாதை இருந்தால், திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, அந்த நடைபாதையை ஒட்டிய இருக்கைகளே சிறந்தவை.

இன்னொன்றையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மடங்கி எழும் இருக்கையை அழுத்தி வைக்கும் எடை நான்கு வயதுப் பிள்ளைக்கு இருக்காது. பிள்ளை சற்றே பின்னால் நகர்ந்தால் இருக்கை மடங்கிக் கால்கள் முகத்துக்கு நேரே வந்துவிடும். இருட்டில் பிள்ளை அலறும். சில மல்டிபிளெக்ஸ்களில் சிறுவர்களுக்கான மெத்தைத் திண்டு கேட்டால் தருவார்கள். இல்லையென்றால் அப்பாவின் மடிதான்.

தஞ்சை ஆசிரியை:

தொடக்கப்பள்ளியில் பாடம் எடுப்பவள் என்பதால், பிள்ளைகளின் பயத்தைப் பற்றி விரிவாகவே எழுத விரும்புகிறேன். திண்டுக்கல் சகோதரி கண்ட அந்தக் குழந்தையை என்னால் மறக்க முடியாது.

எது பயமுறுத்தும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்களோ அது வேறு. பிள்ளையைப் பயமுறுத்துவது வேறு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோன் கேன்டர் என்ற பேராசிரியர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நல்ல மனிதன் ஒருவன் கண்ணெதிரே பச்சை நிறப் பேருருவாக மாறி மக்களைக் காப்பாற்றும் ஒரு தொலைக்காட்சித் தொடரை அவர் எடுத்துக்கொண்டார். கதைப்படி அந்த உருவம் நல்லது. ஆனால் பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய பிள்ளைகள் மிகவும் பயந்தது அந்த உருமாற்றக் காட்சியில்தான். அந்த வயதில் கண்ணுக்குத் தெரிவதே உண்மை. உருவம் கோரமாக இருந்தால் அது கெட்டது. எட்டு ஒன்பது வயதுக்குப் பிறகு, நிஜத்தில் நடக்கக்கூடிய விபத்தும் கடத்தலும் மரணமும்தான் பயமுறுத்தத் தொடங்கும். அதனால் உங்கள் மகளும் மகனும் ஒரே படத்தில் இரு வேறு இடங்களில் பயப்படலாம். பேய் நகைச்சுவைப் படம் இதனால்தான் சிறு பிள்ளைகளுக்கு மிகவும் கடினமானது: நகைச்சுவை வசனத்தில் இருக்கிறது, அது பிள்ளைக்குப் புரியாது, பேய் முகத்தில் இருக்கிறது, அது மட்டும் பதிந்துவிடும்.

தேற்றுவதிலும் வயது வேறுபாடு உண்டு. "அது பொய்ம்மா, முகத்தில் சாயம் பூசியிருக்கிறார்கள்" என்ற விளக்கம் ஏழு வயதுக்குப் பயன்படும். நான்கு வயதுக்கு விளக்கம் வேலை செய்யாது. மடி, கைப்பிடி, கண்ணை மூடிக்கொள்வது, ஒரு வாய் தண்ணீர், அரங்கை விட்டு வெளியே வருவது ஆகியவையே வேலை செய்யும். பயந்த பிள்ளையிடம் "ஆம்பிளைப் பிள்ளை பயப்படலாமா?" என்று கேட்பதை மட்டும் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். பயத்தை வெளியே சொல்லக் கூடாது என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது.

எங்கள் பகுதியில் பிள்ளை இரவில் வீறிட்டு எழுந்தால் பயந்த கோளாறு என்று சொல்லி, மாலையில் தர்கா வாசலுக்குத் தூக்கிப்போய் ஓதி ஊதிக்கொண்டு வருவார்கள். வேப்பிலை அடித்துத் திருநீறு பூசுவோரும் உண்டு. அதை நான் குறை சொல்ல மாட்டேன், பெற்றவளுக்கு அதில் ஆறுதல் கிடைக்கிறது. ஆனால் முந்திய நாள் எந்தப் படத்துக்குப் போனீர்கள் என்று கேட்டால் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

படத்துக்கு வெளியே உள்ளவற்றையும் எண்ணிப் பாருங்கள். புகைபிடிக்கும் காட்சிகள் உள்ள படத்தில், தொடக்கத்திலும் நடுவிலும் புகையிலை எச்சரிக்கைப் படம் 30 விநாடி காட்ட வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் வாய்ப்புற்றுநோயால் சிதைந்த முகத்தை அத்தனை பெரிய திரையில் காணும் நான்கு வயதுப் பிள்ளைக்கு அதுவே அன்றைய பேய்ப்படம். முன்னோட்டங்களும் அப்படித்தான். விளம்பரங்கள் முடியும் வரை பிள்ளையோடு வெளியே நின்று, படம் தொடங்கும்போது உள்ளே வருவது எளிய வழி. எங்களைப் போன்ற அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படங்கள் திரையிடப்படுகின்றன. படம் முடிந்ததும் பிள்ளைகளைப் பேச வைக்கிறோம். வீட்டிலும் அதைச் செய்ய முடியும். எந்த இடம் பிடித்தது என்று கேட்பதோடு, எந்த இடம் பிடிக்கவில்லை என்றும் கேளுங்கள்.

ஹாரோ வாசி:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் வாழ்கிறேன். இங்குள்ள நடைமுறை உங்களுக்கு ஒப்பிட உதவலாம். பிரித்தானியாவில் யு, பிஜி, 12ஏ, 15, 18 என்று வகைகள் உண்டு. 12ஏ என்றால் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை பெரியவர் ஒருவருடன்தான் போகலாம். 15 என்றால் பெற்றோர் கூட வந்தாலும் பதினைந்து வயதுக்குக் குறைந்தவருக்கு இடமில்லை. அங்கே யு/ஏ பெற்ற தமிழ்ப் படம் இங்கே 15 ஆகிவிடுவது உண்டு. தீபாவளிக்குப் பிள்ளைகளோடு வந்து, படமாளிகை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு, எங்கள் பண்பாடு இவர்களுக்கு விளங்கவில்லை என்று கோபப்படும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கோ அந்த முடிவு பெரும்பாலும் நியாயமாகவே படுகிறது. வகையோடு சேர்த்து, வன்முறை எத்தகையது, பயமுறுத்தும் காட்சி உண்டா, தற்கொலை பற்றிய குறிப்பு உண்டா என்று இரண்டு வரியில் எழுதியும் விடுகிறார்கள். என் பெறாமகளை எங்கேனும் கூட்டிப்போகும் முன்னர் அந்த இரண்டு வரியைத்தான் நான் வாசிப்பேன்.

கோடம்பாக்கம் பழையவர்:

ஹாரோ சகோதரர் சொன்ன வாசல் தகராறு இங்கேயும் நடந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான 'கூலி' படத்துக்கு ஏ சான்றிதழ் கிடைத்தது. பிள்ளைகளோடு வந்தவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். யு/ஏ வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது, மனு தள்ளுபடியானது. பிள்ளைகள் வர முடியாததால் வசூல் குறைகிறது என்ற வாதமே இத்தனை காலம் யாரை நம்பி எத்தகைய படங்கள் விற்கப்பட்டன என்பதைக் காட்டிவிட்டது.

இரவுக்காட்சி ரசிகன்:

எல்லோரும் பிள்ளையைப் பற்றியே பேசுகிறீர்கள். மல்டிபிளெக்ஸில் 150 ரூபாயும் அதற்கு மேல் வரியும் கொடுத்து இரவு 10 மணிக் காட்சிக்கு வருகிறவன், அரை மணி நேரமாக அழும் கைக்குழந்தையைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? அந்த நேரத்தில் தூங்க வேண்டிய பிள்ளையை எதற்காக அழைத்து வருகிறார்கள்?

பல்லடம் தையல்காரி:

தம்பி, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் நாங்கள் ஏன் அந்த நேரத்துக்கு வருகிறோம் என்பதையும் கேளுங்கள். நான் பனியன் கம்பெனியில் தைக்கிறேன். கணவருக்கும் அதே வேலை. ஊர் விட்டு வந்து வாடகை வீட்டில் இருக்கிறோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாமியார், அம்மா என்று யாரும் பக்கத்தில் இல்லை. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்து, வேலை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டுக் கிளம்பினால் இரவுக் காட்சிதான் கிடைக்கும். சிறு பிள்ளை உள்ளவர்கள் வர வேண்டாம் என்று சொன்னால், அப்பாக்கள் எப்போதும் போலப் போவார்கள்; அம்மாக்கள்தான் ஐந்து வருடம் வீட்டில் உட்கார்ந்திருப்போம். அதற்கு யாரும் சட்டம் போட வேண்டியதில்லை, தானாகவே நடக்கும்.

எங்களுக்குத் தேவை இடவசதி. கேரள அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2022 இல் திருவனந்தபுரம் கைரளி வளாகத்தில், குழந்தையோடு உட்கார்ந்து கண்ணாடி வழியே படம் பார்க்க ஓசைபுகாத ஓர் அறையைக் கட்டியிருக்கிறது. துணி மாற்ற வசதியும் அதிலேயே உண்டு. அதை நம் ஊரிலும் கட்டினால் தம்பிக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. இன்னொரு செய்தியும் எல்லாத் தாய்மார்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெளி உணவைத் திரையரங்கம் தடுக்கலாம் என்று 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பதோடு, கைக்குழந்தைக்குத் தேவையான அளவு உணவைப் பெற்றோர் கொண்டுவரலாம் என்பதையும் சேர்த்தே சொன்னது. வாசலில் பையைச் சோதித்துப் பால் புட்டியை வெளியே எடுக்கச் சொன்னால், தயங்காமல் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

திருச்சி காது மருத்துவர்:

பல்லடம் சகோதரியின் கருத்தை முழு மனதோடு ஏற்கிறேன். காதைப் பற்றி மட்டும் சில சொற்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்று பாதுகாப்பு எல்லை வைத்திருக்கிறது. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. அந்தக் கணக்கில் 90 டெசிபலில் ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்தான் கிடைக்கும். சண்டைகள் நிறைந்த படமாக இருந்தால் இரண்டாம் பாதியிலேயே அது தீர்ந்துவிடக்கூடும். ஒரு படத்தால் காது போய்விடாது, பயப்பட வேண்டாம். ஆனால் கைப்பேசி, திருவிழாக் குழாய், தீபாவளி வெடி எல்லாவற்றோடும் இதுவும் சேர்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பதும் அதிலேயே உண்டு. நம் படங்களின் நீளம் இரண்டரை மணி நேரம். திண்டுக்கல் சகோதரியின் மகன் இடைவேளையில் வீடு திரும்பினால் அதுவே அவனுக்கு முழுப் படம்.

திண்டுக்கல் தாய்:

அனைவருக்கும் மிக்க நன்றி. வீட்டில் இவற்றையெல்லாம் வாசித்துக் காட்டினேன். மாமியாரும் நாத்தனாரும் மகளும் மற்றவர்களும் அந்த யு/ஏ 13+ படத்துக்கு மதியக் காட்சி போகிறார்கள். கடத்தல் காட்சி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, மகளிடம் கதையை முன்பே சொல்லிவிடுவதாக நாத்தனார் ஒப்புக்கொண்டார். மகனுக்கு அந்தப் படம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். அடுத்த வாரம் ஒன்றரை மணி நேர யு சான்றிதழ் அசைவூட்டப் படம் ஒன்று காலை 11 மணிக்கு ஓடுகிறது. கூட்டமும் குறைவாக இருக்குமாம். நானும் கணவரும் அவனை அதற்கு அழைத்துப் போகிறோம். நடைபாதையை ஒட்டி இரண்டு இருக்கைகள் எடுத்திருக்கிறேன், எங்கள் ஊரில் திண்டு கிடையாது என்பதால் அவனுக்கு அப்பாவின் மடிதான். மருத்துவரிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: காதில் பஞ்சு வைத்தால் போதுமா?

திருச்சி காது மருத்துவர்:

பஞ்சு போதாதம்மா, அது சத்தத்தை மிகக் கொஞ்சமே தடுக்கும், உள்ளே தள்ளிவிட்டால் எடுப்பதும் சிரமம். செருகும் நுரைத் தக்கைகளும் நான்கு வயதுக்கு வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள். காது முழுவதையும் மூடும் சிறுவர் காதுமூடி கிடைக்கிறது; எத்தனை டெசிபல் குறைக்கும் என்று உறையில் எழுதியிருக்கும், 20 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. முந்தைய நாள் வீட்டிலேயே மாட்டிப் பழக்குங்கள். அரங்கில் அவனாகக் கழற்றினால் கட்டாயப்படுத்த வேண்டாம்; சத்தம் அதிகமாக இருந்தால் தேனி ஐயா சொன்னபடி மேலாளரிடம் போய்ச் சொல்லுங்கள்.